உடலகத்து உப்பும் நீரும் – ஓமோன்கள் புரியும் ஆட்சி

களுவாஞ்சிக்குடி மண்ணிற் பிறந்து வளர்ந்தோர்க்கு, உப்பு நீரும் நன்னீரும் அடுத்தடுத்து உறையும் விந்தையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கிழக்கே வங்கக் கடல். மேற்கே மட்டக்களப்பு வாவி. இடையே நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணற்பரப்பே நமது எழுவான்கரை. அம்மணலின் கீழே, உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும் மெல்லிய நன்னீர்ப் படையை நம்பியே நம் கிணறுகள் உள்ளன. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுள்ள வாவியோ ஆண்டு முழுதும் ஒரே சுவையுடையதன்று. முகத்துவாரத்து மணற்றிட்டு அடைபடுவதும் உடைபடுவதுமாயிருக்க, கச்சான் வீசும் கோடையிற் கரிப்பேறி, மாரி வெள்ளம் வந்து சேருங்கால் கரிப்பிறங்கும். குருமண்வெளித் துறையில் ஏறி மண்டூருக்குச் செல்வோர் ஒரு கை நீரை அள்ளி நாவிலிட்டே இவ்வேறுபாட்டை அறியலாம்.

இங்ஙனம் மாறிக்கொண்டே இருக்கும் நீரிற் கொடுவாவும் மணலையும் திலாப்பியாவும் எவ்வாறு உயிர் வாழ்கின்றன? வாவியின் உப்பு ஏறினும் இறங்கினும் அவற்றின் குருதியின் உப்பு ஏறத்தாழ ஒரு நிலையிலேயே நிற்பது எதனால்? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தால், அதே வினா நம்மையும் நோக்கி வருதலைக் காண்போம். காலையிற் கஞ்சியும், நண்பகலிற் கருவாட்டுக் கறியும், மாலையில் இரண்டு இளநீரும் உட்கொள்ளும் ஒருவனது குருதியின் உப்பு, வேளைக்கு வேளை மாறாமல் இருப்பது எங்ஙனம்? உடற்றொழிலியலில் இதனினும் சுவையான பகுதி ஒன்றுண்டெனில் யான் அறியேன்.

முதற்கண் அளவுகளை நோக்குவோம். வளர்ந்த ஆணொருவனது எடையில் நூற்றுக்கு 60 பங்கு நீரே. 60 கிலோகிராம் எடையுள்ளவனிடத்து 36 இலீற்றர் வரை நீருண்டு. அதில் மூன்றில் இரு பங்கு கலங்களுக்குள்ளும், ஒரு பங்கு அவற்றுக்கு வெளியே குருதியிலும் இழையப் பாயத்திலும் நிற்கின்றது. கலங்களுக்குள் மிகுந்திருப்பது பொற்றாசியம்; வெளியே மிகுந்திருப்பது சோடியம். குருதியில் ஓர் இலீற்றருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை சோடியம் இருத்தல் வேண்டும். இவ்வொடுங்கிய எல்லையைக் கடப்பின் இடர் விளையும். சோடியம் குறையின், நீர் கலங்களுக்குள் புகுந்து அவற்றை வீங்கச் செய்யும். உடலின் ஏனைய உறுப்புக்கள் சிறிது வீங்கின் பொறுத்துக்கொள்ளும். எலும்புக் கூட்டுக்குள் அடைபட்ட மூளை எங்கே வீங்கும்? தலைவலி, வாந்தி, மயக்கம், வலிப்பு என நோய் முற்றுவது இதனாலேயாம். சோடியம் மிகின் மூளைக் கலங்கள் சுருங்கும், அதுவும் கேடே.

உப்பும் நீரும் உள்ளே வரும் வழி வாய். வெளியே போகும் வழிகள் பல. எனினும் நினைத்தபடி திறந்தும் மூடியும் ஆளத்தக்க கதவு சிறுநீரகம் ஒன்றே. நாள்தோறும் ஏறக்குறைய 180 இலீற்றர் பாயம் சிறுநீரகத்துக் கலன்கோளங்களில் வடிக்கப்படுகின்றது. அதனோடு கூட வடியும் கறியுப்பு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம்! அவ்வளவும் வெளியேறின் ஒரு மணிப்பொழுதுக்குள் நாம் வற்றிப் போவோம். நல்லூழாக, நுண்குழாய்கள் அவற்றுட் பெரும்பகுதியை மீள உறிஞ்சி விடுகின்றன; கழிவது ஒன்றரை இலீற்றர் நீரும் சில கிராம் உப்புமே. மீள உறிஞ்சுதலின் இறுதிப் பகுதி, அதாவது கணக்கின் கடைசிச் சில்லறை, ஓமோன்களின் கையில் உள்ளது. அச்சில்லறையை வைத்தே உடல் தன் வரவு செலவை நேர் செய்கின்றது.

‘ஓமோன்’ என்னும் பெயர் 1905ஆம் ஆண்டில் இலண்டனில் ஏர்ணஸ்ற் ஸ்ராலிங் என்பார் வழங்கியது. ஓரிடத்திற் சுரந்து, குருதி வழியே சென்று, வேறோரிடத்தில் வினை புரியும் பொருளுக்கு அவர் இட்ட பெயர் அது. அவரே பின்னர் வேணி என்பாருடன் சேர்ந்து, உடலினின்றும் பிரித்தெடுத்த நாயின் சிறுநீரகத்தினூடு குருதியைச் செலுத்தி ஆராய்ந்தார். பிரித்த சிறுநீரகம் நீர்த்துப்போன சிறுநீரையே ஓயாது கழித்தது. கபச்சுரப்பியின் சாற்றைச் சிறிது சேர்த்ததும் சிறுநீரின் அளவு குறைந்து, செறிவு மிகுந்தது. ஆகவே, நீரைக் காக்குமாறு சிறுநீரகத்துக்கு ஏவல் பிறப்பிப்பது தலைக்குள் இருக்கின்றது என்பது தெளிவாயிற்று.

அவ்வேவலுக்கு உரியது வாசோபிரசின் என்னும் ஓமோன். சிறுநீரைக் குறைப்பதால் அதனைச் சிறுநீரெதிர் ஓமோன் எனவும் கூறுவர். மூளையின் அடித்தளத்தே உள்ள பரிவகக்கீழ்ப் பகுதியில் ஆக்கப்பட்டு, நரம்பிழைகள் வழியே இறங்கிக் கபச்சுரப்பியின் பிற்பகுதியிற் சேமிக்கப்படுவது அது. அதனைச் சுரக்கச் செய்வது யாது? கேம்பிரிட்சில் வேணி இதனை நுணுகி ஆராய்ந்து, 1947இல் வெளியிட்டார். நாயின் கழுத்து நாடியுள் செறிந்த உப்புக் கரைசலைச் செலுத்தியபோது, மூளைக்குச் செல்லும் குருதியின் பிரசாரண அமுக்கம் நூற்றுக்கு இரண்டு பங்களவில் உயர்ந்த அளவிலேயே சிறுநீர் குறைந்தது. நாக்கு உப்பென்று உணரவும் போதாத இச்சிறு மாற்றத்தை மூளை உணர்ந்து விடுகின்றது. 1954இல் அமெரிக்க இரசாயனவியலாளர் வின்சன்ற் டூ விக்னோவும் துணைவரும் ஒன்பது அமினோவமிலங்கள் கொண்ட இவ்வோமோனை ஆய்வுகூடத்திலே தொகுத்து ஆக்கினர். மறு ஆண்டு இரசாயனத்துக்கான நோபெற் பரிசு டூ விக்னோவை அடைந்தது. இவ்வோமோன் சிறுநீரகக் குழாய்ச் சுவரில் நீர்க் கண்களைத் திறந்து விடுகின்றது என்பதும், அக்கண்கள் தனிவகைப் புரதங்களால் ஆனவை என்பதும் பின்னர் அறியப்பட்டன. இந்நீர்வாயிற் புரதங்களைக் கண்டறிந்த பீற்றர் ஏகர் 2003இல் நோபெற் பரிசு பெற்றார்.

இனி நம் வட்டைக்கு வருவோம். முன்மாரி அறுவடையிற் காலை தொட்டு வெயிலில் நிற்கும் ஒருவன் மணிக்கு ஓர் இலீற்றர் வியர்த்தல் இயல்பு. வியர்வை குருதியினும் ஐதானது. ஆகவே இழப்பில் நீரே மிகுதி. குருதி செறிவடைகின்றது. பரிவகக்கீழ் அதனை உணர்ந்து இரண்டு செயல்களை ஒருங்கே புரிகின்றது: ஒன்று தாகத்தை எழுப்புதல், மற்றையது வாசோபிரசினைச் சுரத்தல். அவன் வாடிக்கு வந்து செம்பு நீரை அருந்துமுன்னரே, அவன் சிறுநீர் மஞ்சள் நிறமேறிச் சுருங்கி விடும். பின்னர் நிறையக் குடித்தாலோ, ஓமோன் அடங்கி, தெளிந்த நீர் மிகுதியாகக் கழியும்.

கள்ளும் சாராயமும் இந்த ஓமோன் சுரப்பை அடக்கி விடும். களைப்புத் தீரவென்று மாலையில் அவற்றை நாடுவோர், உட்கொண்டதினும் மிகுதியாக நீரை இழந்து, மறுநாட் காலையில் நாவறண்டு தலை கனத்து எழுவதற்குக் காரணங்களுள் இதுவும் ஒன்று. பழைய மாணவர் சங்க விருந்துகளில் இச்செய்தி பயன்படாதெனினும் அறிந்து வைத்திருத்தல் நன்று.

இவ்வோமோன் அறவே இல்லாதொழியின் தோன்றுவது இனிப்பிலா நீரிழிவு. சர்க்கரை நோயன்று இது. நாளொன்றுக்குப் பத்து இலீற்றருக்கு மேலும் சிறுநீர் கழிய, நோயாளி இரவும் பகலும் குடத்தை விட்டு அகலமாட்டார். வாசோபிரசினை ஒத்த செயற்கைப் பொருளைக் குளிகையாகவோ மூக்கிற் சொரியும் துளியாகவோ கொடுத்தால் அன்றே தணியும்.

கடல் நீரைக் குடித்துத் தாகம் தணிக்க இயலாமையும் இதனோடு தொடர்புடையது. கடல் நீரில் ஓர் இலீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புக்கள் உண்டு. வாசோபிரசின் முழு வலியோடு தொழிற்பட்டாலும், மனிதச் சிறுநீரகம் ஓர் இலீற்றர் சிறுநீரில் ஏறத்தாழ 20 கிராம் உப்பையே கழிக்க வல்லது. எனவே ஓர் இலீற்றர் கடல் நீரைக் குடித்தவன், அதன் உப்பைப் போக்க ஒன்றரை இலீற்றருக்கு மேல் நீர் செலவிடல் வேண்டும். குடிக்குந்தோறும் கடனாளியாவான்.

இதுகாறும் கூறியது நீரின் ஆட்சி. உப்பின் ஆட்சி வேறு கையிலுளது. சிறுநீரகங்களின் தலையில் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அதிரீனற் சுரப்பிகளே அதற்குரியன. 1855இல் இலண்டன் வைத்தியர் தோமஸ் அடிசன், அச்சுரப்பிகள் அழிந்தோர் மெலிந்து, சோர்ந்து, தோல் கருகி மாளுதலை விரித்தெழுதினார். அவர்கள் உடலினின்றும் சோடியம் ஒழுகிப் போகின்றது என்பதும், உப்பை மிகுதியாகக் கொடுப்பின் சில காலம் தேறுவர் என்பதும் 1930களிலேதான் தெளிவாயின. 1940இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு குறிப்பு நெஞ்சை உருக்குவது. மூன்றரை வயதுச் சிறுவன் ஒருவன் எவ்வுணவிலும் உப்பையே நாடினான்; உப்பை வாரி வாரித் தின்றான்; அவன் பேசக் கற்ற முதற் சொற்களுள் ‘உப்பு’ என்பதும் ஒன்று. வைத்தியசாலையில் அவனை ஏனைய பிள்ளைகளுக்குரிய உணவில் வைத்தனர். சில நாட்களில் அவன் இறந்தான். அதிரீனற் சுரப்பி கெட்டிருந்தமை பின்னரே தெரிய வந்தது. குழந்தையின் நாக்கு வைத்தியரினும் முந்தி நோயை அறிந்திருந்தது.

அச்சிறுவனுக்கு இல்லாதிருந்த ஓமோன் அல்டோஸ்தரோன். 1953இல் இலண்டனில் சில்வியா சிம்சன், யேம்ஸ் ரெயிற் என்னும் இருவரும், சுவிற்சர்லாந்து அறிஞர் ரைக்ஸ்ரைன் குழுவினரோடு கூடி, பெருந்தொகை மாட்டுச் சுரப்பிகளினின்றும் மிகச் சிறிதளவாக அதனைப் பிரித்தெடுத்தனர். (அவ்விருவரும் 1956இல் மணம் புரிந்து கொண்டனர்.) அல்டோஸ்தரோன் சிறுநீரகக் குழாயின் கடைப்பகுதியிற் சோடியத்தை மீட்டு, மாற்றாகப் பொற்றாசியத்தை வெளியேற்றும். வியர்வைச் சுரப்பியிலும் அது தொழிற்படும். கோடை வெயிலிற் புதிதாக இறங்கியவனது வியர்வை மிகக் கரிக்கும்; ஒன்றிரண்டு கிழமை பழகியபின் அதே வியர்வையில் உப்புக் குறைந்துவிடும்.

அல்டோஸ்தரோனுக்கு ஆணையிடுவது யார்? இங்கேதான் கதை சுற்றிச் சிறுநீரகத்துக்கே திரும்புகின்றது. 1898இல் சுவீடனில் திகர்ஸ்ரெட், பேர்க்மன் என்பார் முயலின் சிறுநீரகச் சாறு குருதியமுக்கத்தை உயர்த்துதலைக் கண்டு, அப்பொருளுக்கு றெனின் எனப் பெயரிட்டனர். குருதி குறைந்து, சிறுநீரகத்துக்கு வரும் அமுக்கம் தாழும்போது றெனின் சுரக்கும். அது ஈரல் ஆக்கிய புரதமொன்றை வெட்டும்; வெட்டிய துண்டு, பெரும்பாலும் நுரையீரலில், மீண்டும் வெட்டுண்டு அஞ்சியோதென்சின் ஆகும். அது குருதிக் குழாய்களை இறுக்கும், தாகத்தை எழுப்பும், அதிரீனற் சுரப்பியைத் தூண்டி அல்டோஸ்தரோனைச் சுரப்பிக்கும். உப்பு மீளும், உப்பைத் தொடர்ந்து நீர் மீளும், குருதி நிறையும், றெனின் அடங்கும்.

அமேசன் காட்டில் வாழும் யனோமாமி மக்கள் உணவிற் கறியுப்புச் சேர்ப்பதில்லை. 1975இல் வெளிவந்த ஆய்வில், அவர்களது ஒரு நாட் சிறுநீரில் ஏறக்குறைய ஒரு மில்லிமோல் சோடியமே காணப்பட்டது. அல்டோஸ்தரோன் அவர்களிடத்து மிக உயர்ந்திருந்தது. ஆயினும் முதுமையிற் குருதியமுக்கம் ஏறுதல் அவர்களிடையே இல்லை. மனித உடல் உப்புப் பஞ்சத்துக்கென அமைக்கப்பட்டதேயன்றி, கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் ஒருங்கே இலையில் வீழும் காலத்துக்கென அமைக்கப்பட்டதன்று எனக் கருதுதற்கு இது இடந்தருகின்றது. மிகுந்த உப்பைக் கழிப்பதற்கும் ஓர் ஓமோன் உண்டுதான்: அஃது இதயத்திற் சுரப்பது. 1981இல் கனடாவில் டி போல்ட் என்பார் எலியின் இதயச் சோணையறைச் சாற்றை மற்றோர் எலிக்கு ஏற்றியபோது, சோடியமும் நீரும் பெருக்கெடுத்தன. குருதி மிகுந்து இதய அறை விரியும்போது இவ்வோமோன் எழுகின்றது. எனினும் உப்பைக் காக்கும் ஓமோன்களின் வலிமை இதற்கில்லை. ஆகவேதான் நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாவென உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நாள் முழுதும் வெயிலில் வியர்ப்பவனுக்கும் மேசையடியில் அமர்ந்திருப்பவனுக்கும் ஒரே அளவு கூறுதல் பொருந்தாதெனினும், நம்முள் மேசையடியில் இருப்போரே இன்று மிகுதி என்பதை மறவற்க.

வாவி மீன்களைக் கேள்வி நிலையில் விட்டு வந்தோம். எலும்புள்ள மீனின் குருதியில் உள்ள உப்பு கடல் நீரிலுள்ளதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு. எனவே கடலில் அது நீரை இழக்கும். நன்னீரில் அதன் உடலுள் நீர் புகும். கடல் மீன் கடல் நீரையே குடித்து, மிகுந்த உப்பைச் செவுள்களிலுள்ள தனிக் கலங்கள் வழியே வெளியேற்றும். நன்னீர் மீன் நீர் குடிப்பது மிகச் சிறிதே. ஐதான சிறுநீரை ஓயாது கழித்து, உப்பைச் செவுளால் உள்ளிழுக்கும். இரு நீரிலும் வாழும் மீன் இவ்விரு வகை வாழ்வையும் மாற்றி மாற்றி நடத்தல் வேண்டும். அதனை நடத்துவன ஓமோன்களே. 1959இல் அமெரிக்காவில் கிரேஸ் பிக்போட் என்னும் அம்மையாரும் பிலிப்சும், கபச்சுரப்பி நீக்கிய ஒருவகைச் சிறு மீன்கள் நன்னீரில் இறந்து போவதையும், புரோலற்றின் ஏற்றினால் பிழைப்பதையும் காட்டினர். தாய்மாரிடத்துப் பால் சுரக்கச் செய்யும் அதே ஓமோன், மீனில் உப்பைக் காக்கின்றது! 1967இல் தர்மாம்பா முதலியோர் திலாப்பியாவிலும் இதனை நிறுவினர். உப்பேறிய நீரிலோ, கோட்டிசோல் என்னும் அதிரீனல் ஓமோன் முன்வந்து, செவுளின் உப்பு வெளியேற்றும் கலங்களைப் பெருக்குகின்றது. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட திலாப்பியா இலங்கைக்குக் கொணரப்பட்டது 1952இலாகும். குளத்திலும் வாவியிலும் ஒருங்கே அது குடியேறியமைக்கு இவ்விரு ஓமோன்களும் பெரிதும் துணை நின்றன.

கோட்டிசோலைக் குறித்தபின், நம் படுவான்கரை உழவரைத் தீண்டும் ஒரு செய்தியைக் கூறாது விடுதல் தகாது.

தமிழகத்தார் கண்ணாடி விரியன் என்பதும் நம் நாட்டுத் தமிழர் புடையன் என்பதும் ஒன்றே. அதன் ஆங்கிலப் பெயரிற் காணும் ரசல், சென்னை மாகாணத்து விசாகப்பட்டினத்தில் இருந்து ஆராய்ந்து, 1796இல் இந்தியப் பாம்புகள் பற்றிய நூலை வெளியிட்ட வைத்தியர். வயல் வரம்பும் வைக்கோலும் புடையனுக்கு உகந்த உறைவிடங்கள். அதன் நஞ்சு குருதி உறைதலைக் கெடுக்கும்; சிறுநீரகத்தை அழிக்கும். இவை யாவரும் அறிந்தன. யாவரும் அறியாதது ஒன்றுண்டு: கடியுண்டு பிழைத்தோருட் சிலர்க்குக் கபச்சுரப்பியும் அழிந்து விடுகின்றது. கேரளத்தில் 1970களிலும், பர்மாவில் 1980களிலும் இது வைத்திய ஏடுகளில் எழுதப்பட்டது. இலங்கையிலும் இத்தகைய நோயாளர் காணப்பட்டுள்ளனர். மகப்பேற்றின்போது குருதிப் பெருக்குற்ற தாய்மார்க்குக் கபச்சுரப்பி அழிதலை 1937இல் ஷீஹன் என்பார் விளக்கினார். புடையன் கடியின் விளைவும் அதனையே ஒத்தது.

கபச்சுரப்பியின் முற்பகுதி அழியின், அதிரீனலுக்கு ஆணை செல்லாது, கோட்டிசோல் ஒழியும். அல்டோஸ்தரோன் மட்டும் எஞ்சி நிற்கும். ஏனெனில் அது றெனினின் ஆணைக்குட்பட்டது என மேலே கண்டோம். ஆதலால் அடிசன் நோயிற்போலப் பொற்றாசியம் உயர்வதுமில்லை. தோல் கருப்பதுமில்லை, மாறாக வெளிறும். ஆயினும் சோடியம் தாழும். உப்பு ஒழுகாதிருக்கவும் அது தாழ்வதேன்? கோட்டிசோல், வாசோபிரசினை அடக்கி வைக்கும் கடிவாளங்களுள் ஒன்று. அது அறுந்தால் வாசோபிரசின் வேண்டாவிடத்தும் சுரந்து நீரைத் தேக்கும்; உள்ள உப்பு நீர்த்துப்போகும். இந்நிலையில் உப்பைக் கூட்டி உண்பதாற் பயனில்லை.

இந்நோய் கடித்த சில நாட்களிலேயே குருதியமுக்கம் வீழ்ந்து வெளிப்படலாம். அன்றி, ஆண்டுக்கணக்கில் மறைந்தும் இருக்கலாம். ஒருகாற் சூடு மிதிக்க எல்லார்க்கும் முன்னின்றவன், கடிக்குப்பின் எழுந்து நடக்கவும் சலிப்பான்; குளிர் தாங்கான்; தாடியும் அக்குள் மயிரும் உதிரும்; இல்லறத்தில் நாட்டம் குன்றும்; பெண்ணாயின் மாதவிலக்கு நிற்கும். ஊரார் அவனைச் சோம்பேறி என்பர். ‘நஞ்சு உடலில் ஊறிவிட்டது’ என்பாரும் உளர். பின்னொரு நாள் சாதாரணக் காய்ச்சலொன்று வர, அவன் மயங்கி வீழ்வான். வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்வோர், பல ஆண்டுகளுக்கு முன் புடையன் தீண்டியதைச் சொல்ல நினையார். சொல்லாவிடின் வைத்தியரும் அதனை ஊகிப்பது அரிது. சொல்லிவிட்டாலோ, காலையில் எடுத்த சிறிது குருதியிற் கோட்டிசோலை அளந்தே ஐயத்தைப் பெரும்பாலும் தீர்த்துக் கொள்ளலாம்.

மருந்து விலையுயர்ந்ததன்று. கோட்டிசோலையே குளிகையாக நாள்தோறும் இரண்டு மூன்று வேளை கொடுப்பர். தைரொயிட்டுச் சுரப்பும் குன்றியிருப்பின் அதற்குரிய மருந்தும் வேண்டும்; ஆனால் கோட்டிசோல் கொடுத்தபின்னரே அதனைத் தொடங்குவர்; முறை மாறின் நோயாளி சரிந்து விடுவார். நலமுள்ளவனது அதிரீனல் காய்ச்சல் வந்த வேளையில் தானே கோட்டிசோலை மிகுத்துச் சுரக்கும். இந்நோயாளிக்கு அது இயலாது. ஆகவே காய்ச்சல் நாட்களில் குளிகையின் அளவை இரட்டிக்குமாறு வைத்தியர் கற்பிப்பர். வாந்தியால் குளிகை வயிற்றில் தங்காவிடின் ஊசி மருந்துக்கு உடனே வைத்தியசாலையை அடைதல் வேண்டும். இன்ன மருந்து உண்பவர் என்று எழுதிய அட்டையொன்றையும் அவர் எந்நேரமும் சட்டைப்பையில் வைத்திருத்தல் வேண்டும். வட்டைக்குச் செல்லும்போதும் அதனை வீட்டில் விட்டுச் செல்லலாகாது.